ரேக்கை மாற்றுவதற்கு முன் இடச்சக்கரத்தைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 63. கணவர் காலமான பிறகு அவர் வைத்திருந்த காரைத் தாமே ஓட்டிவருகிறார். 2016ஆம் ஆண்டு வந்த சிறிய கார், முன்சக்கரங்களால் இழுபடுவது, இதுவரை 1,42,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பேரனைப் பள்ளியில் விட்டு அழைத்து வருவதற்கும், வெள்ளிக்கிழமைதோறும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் அக்காவைப் பார்த்துவர என்3 நெடுஞ்சாலையில் போவதற்கும் அவருக்கு அந்தக் கார்தான் துணை.

மழைக்காலத்தில் ஓர் இரவு, தண்ணீர் நிறைந்து கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பள்ளத்தில் கார் பலமாக விழுந்து எழுந்தது. எந்தச் சக்கரம் இறங்கியது என்பது அவருக்கு நினைவில்லை. சுமார் மூன்று வாரம் கழித்து, சாலை வலப்பக்கம் வளையும் இடங்களில் எதையோ அரைப்பது போன்ற கரகரப்பு கேட்கத் தொடங்கியது. ஹிகின்சன் நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அது உறுமலாக மாறுகிறது. சாலை இடப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடுகிறது. இது போதாதென்று, கடை வாசலில் காரை நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது ‘கிறீச்’ என்று உரசும் ஓசையும் வருகிறது.

அவர் வழக்கமாகப் போகும் பழுதுபார்க்கும் கடையில் முதலில் ‘பவர் ஸ்டீயரிங் ஆயில்’ ஊற்றி 320 ராண்ட் வாங்கினார்கள். ஓசை போகவில்லை. அடுத்து, வலப்பக்கம் திரும்பும்போது வருவதால் வலச்சக்கரத்தின் சி.வி. ஜாயின்ட் (சக்கரம் ஒடிந்த நிலையிலும் அதற்குச் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் மூட்டு) தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, அந்த மூட்டோடு சேர்ந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டையே மாற்றி 4,600 ராண்ட் வாங்கினார்கள். அப்போதும் போகவில்லை. ஏழு வாரம் கழித்து இப்போது ஸ்டீயரிங் ரேக்கை (திருப்பும்போது சக்கரங்களைத் தள்ளும் தண்டை) மாற்ற வேண்டும், 13,800 ராண்ட் ஆகும் என்கிறார்கள். வேலைச் சீட்டில் தாம் கையெழுத்துப் போட்டுவிட்டதாலும், ரசீதில் ‘30 நாள் உத்தரவாதம்’ என்று அச்சிட்டிருப்பதாலும் இனிக் கேட்க வழியில்லை என்று அவர் நினைக்கிறார். கொழுந்தனாரோ, ‘பிரேக் பிடிக்கிறதல்லவா, பிறகென்ன அண்ணி’ என்கிறார். தம்பி மகன், பழுது வலப்பக்கத்தில்தான் என்று சொல்லி, காரை முற்றத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கித் தானே பார்த்துவிடுவதாகச் சொல்கிறான். ரேக்கை மாற்றத்தான் வேண்டுமா, அதுவரை ஓட்டலாமா, கொடுத்த பணத்தைக் கேட்க முடியுமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அம்மா, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ரேக்குக்காக இப்போது ஒரு ராண்டும் கொடுக்க வேண்டாம். காரை நேரில் பார்க்காமல் இதுதான் பழுது என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எது பழுதாக இருக்க வாய்ப்பில்லை என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. ஓசை எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது, எந்த வேகத்தில் மாறுகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது, கடையில் செய்த மூன்று ஆய்வுகளையும்விட உதவியாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் நீங்கள் கலந்துவிட்டீர்கள், கடைக்காரரும் கலந்துவிட்டார். உங்கள் காரில் இரண்டு ஓசைகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் வரும் கரகரப்பும் கடை வாசலில் வரும் கிறீச்சும் ஒரே இடத்தில் பிறந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் ஒரே காரணம் தேடியதால்தான், ‘திரும்பும்போது சத்தம்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் வரை போயிருக்கிறார்கள்.

வளைவில் வரும் கரகரப்பு

டர்பனில் நாற்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருப்பவன் நான். பயிற்சிக்கு வரும் பையன்களிடம் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஓசை வரும் அந்த நேரத்தில் காரில் எது அசைகிறது, எது சும்மா இருக்கிறது? நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நீண்ட வளைவில் போகும்போது ஸ்டீயரிங்கை ஓர் அளவில் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், கை நகரவில்லை. கை நகராவிட்டால் ரேக்கும் நகராது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகர்ந்து சக்கரங்களைத் தள்ளும் தண்டுதான் ரேக். பிடித்த பிடியில் நிற்கும்போது அதற்கு வேலையில்லை. அப்படிச் சும்மா நிற்கும் பொருள், வேகம் ஏற ஏற உறுமலை எப்படிக் கூட்டும்? ரேக் கெட்டிருந்தால் மேடுபள்ளத்தில் தட்டும், ஸ்டீயரிங்கில் ஆட்டம் தெரியும், திருப்புவது கனக்கும், அல்லது எண்ணெய் ஒழுகும். இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

வேகத்தோடு ஏறி, வேகத்தோடு இறங்கும் ஓசை பெரும்பாலும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பொருளிலிருந்து வருவது. சக்கரம், டயர், பிரேக் டிஸ்க், டிரைவ் ஷாஃப்ட், சக்கரத்தைத் தாங்கும் பேரிங் ஆகியவைதாம் அப்படிச் சுழல்பவை. இவற்றில் எது, வலப்பக்கம் வளையும்போது மட்டும் அதிகச் சுமையைச் சுமக்கிறது என்பது அடுத்த கேள்வி.

பேருந்தில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். பேருந்து வலப்பக்கம் திரும்பினால் நிற்பவர்கள் இடப்பக்கம் சாய்வார்கள். காரின் எடையும் அப்படித்தான் சாய்கிறது. வலப்பக்க வளைவில் சுமை இடச்சக்கரங்களின் மேல் ஏறுகிறது, வலச்சக்கரங்கள் இலேசாகின்றன. ஆகவே வலப்பக்கம் வளையும்போது உறுமி, இடப்பக்கம் வளையும்போது அடங்கும் ஓசைக்கு நான் முதலில் சந்தேகப்படுவது முன் இடச்சக்கரத்தின் பேரிங்கைத்தான். வலப்பக்கம் திரும்பும்போது கேட்கிறது, ஆகவே பழுதும் வலப்பக்கத்தில்தான் என்று உங்கள் தம்பி மகனும் கடைக்காரரும் சொன்னது இயல்பாக எல்லோருக்கும் தோன்றும் தவறு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், காரின் உடலெங்கும் பரவும் ஓசை தம் காலடியில் பிறப்பதுபோல் கேட்பதும் உண்டு. பின் இடச்சக்கரத்தின் பேரிங்கும் இப்படியே உறுமக்கூடும். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தில் விழுந்த அன்றே ஓசை வராமல் மூன்று வாரம் கழித்து ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பேரிங்குக்குள் இரும்புக் குண்டுகள் வழவழப்பான வளையத்தில் உருண்டு ஓடுகின்றன. பலமான அடி விழும்போது அந்தக் குண்டுகள் வளையத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு குழிகளைப் பதித்துவிடும். குண்டு ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் குழியில் இறங்கி ஏறும்போது விளிம்பு பெயரும். பெயர்ந்த துகள் கிரீசில் கலந்து மீதி இடத்தையும் அரைக்கும். பள்ளத்தில் தண்ணீரும் நின்றிருந்தது என்கிறீர்கள். 1,42,000 கி.மீ. ஓடிய பேரிங்கின் ரப்பர் மூடி தளர்ந்திருந்தால் ஈரம் உள்ளே புகுந்து இந்த வேலையை விரைவுபடுத்தியிருக்கும். கழற்றிய பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நல்லது வெண்ணெயில் விரல் ஓடுவதுபோல் சுற்றும். கெட்டது மணல் கலந்த மாவைத் திரிகையில் இட்டதுபோல் நறநறக்கும்.

சி.வி. ஜாயின்ட் என்று சொன்னது ஏன் பொருந்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் தேய்ந்தால் வரும் ஓசை உறுமல் அன்று; ‘டக்டக்டக்’ என்று தனித்தனியாக எண்ணக்கூடிய தட்டல். அதுவும் சக்கரத்தை நன்றாக ஒடித்து, ஆக்சிலேட்டரை மிதித்துக் கிளம்பும்போதுதான் பலமாகக் கேட்கும்; ரோபோவில், அதாவது போக்குவரத்து விளக்கில், நின்றுவிட்டு வலப்பக்கம் ஒடித்து எடுக்கும்போது கேட்டிருக்க வேண்டும். அகலமான வளைவில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது மட்டும் கேட்பது அதன் குணம் அல்ல. ஆனாலும் கடைக்காரர் மாற்றியது முழுவதும் வீண் என்று நான் இப்போதே சொல்ல மாட்டேன். பழைய ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெல்லாம் தெறித்திருந்தால், ஓசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு வேலை செய்திருக்கத்தான் வேண்டும். ஆகவே அந்தப் பழைய ஷாஃப்ட் எங்கே என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. அதைச் சட்டம் பற்றிச் சொல்லும்போது மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன்.

பேரிங்கைக் கைகாட்டுவதற்கு முன் விலக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார்: டயர். டயரின் பரப்பு அலையலையாகத் தேய்ந்திருந்தால் அது எழுப்பும் உறுமலைப் பேரிங் ஓசையிலிருந்து பிரித்தறிய அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னுமாகத் தடவிப் பாருங்கள். மேடுபள்ளமாக இருந்தால் தெரியும். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. ஓசை டயரோடு இடம் மாறினால் டயர். மாறாமல் அதே இடத்தில் நின்றால் பேரிங்.

ஸ்டீயரிங் ஆயில்: ஒரு சிறு சந்தேகம்

உங்கள் ரசீதில் 320 ராண்டுக்கு எழுதியிருக்கும் வரியைப் படித்தபோது சற்று நின்றேன். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது மின்மோட்டார்தான். எண்ணெய் அழுத்தம் அல்ல. அத்தகைய காரில் ஊற்றுவதற்கு எண்ணெயும் இல்லை, ஊற்றுவதற்கு இடமும் இல்லை. பானெட்டைத் திறந்து, மூடியில் ஸ்டீயரிங் சக்கரத்தின் படம் போட்ட சிறிய எண்ணெய்க் குப்பி இருக்கிறதா என்று பாருங்கள். காரோடு வந்த கையேட்டிலும் இருக்கும். குப்பி இருந்தால் கடைக்காரர் ஊற்றியிருக்கலாம். இல்லாவிட்டால் அந்த 320 ராண்ட் எதற்கு என்று கேட்க வேண்டியதுதான். குற்றம் சாட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். வேறு ஒரு காரின் ரசீதில் எழுத வேண்டியதைத் தவறி உங்கள் ரசீதில் எழுதியும் இருக்கலாம்.

கடை வாசலில் வரும் கிறீச்

இதற்கு அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள். காரை நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கார் ஓர் அங்குலமும் நகராமல் ஸ்டீயரிங்கை மட்டும் முழுவதும் ஒடியுங்கள். அப்போதே ஓசை வந்தால், திருப்புவதால் அசைபவற்றில் தேட வேண்டும். ஷாக் அப்சார்பரின் உச்சியில் இருக்கும் பேரிங் இறுகியிருந்தால் சுருள்வில் முறுக்கிக்கொண்டு திடீரென்று விடுபடும். அந்த உதறல் ஸ்டீயரிங்கைப் பிடித்த கைக்கே தெரியும். நின்றபடி திருப்பும்போது ஓசை இல்லாமல், ஒடித்த நிலையில் கார் நகரும்போது மட்டும் வந்தால், சக்கரம் எதையோ உரசுகிறது என்று பொருள்.

உரசும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். சக்கரத்துக்கு மேலே மண்ணும் நீரும் தெறிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு வளைத்துப் பொருத்தியிருப்பார்கள்; பள்ளத்தில் விழுந்தபோது அதன் ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு, சக்கரம் முழுவதும் ஒடியும்போது டயரில் படலாம். ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால், டயர் தேய்த்த இடம் பளபளப்பாகத் தெரியும். மற்றொன்று, பிரேக் டிஸ்கின் பின்னால் இருக்கும் மெல்லிய தகரம். விரலால் தள்ளினாலே வளைந்துவிடும் அது டிஸ்கைத் தொட்டால் கார் முழுவதும் இரும்பை இழைப்பதுபோல் கேட்கும். சில ஆண்டுகளுக்கு முன் டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டச் சாலைகளில் ஓட்டும் ஒருவர், டிஸ்க், பேடு எல்லாவற்றையும் வேறொரு கடையில் மாற்றிவிட்டு, ஓசை மட்டும் அப்படியே இருக்கிறது என்று என்னிடம் வந்தார். தகரத்துக்கும் டிஸ்குக்கும் நடுவில் கொண்டைக்கடலை அளவில் ஒரு கல் மாட்டிக்கொண்டிருந்தது. தட்டை முனை ஸ்குரூ டிரைவரால் தகரத்தைச் சற்றே நெம்பியதும் கல் தரையில் விழுந்தது. அவரிடம் என்ன பணம் கேட்பது என்று எனக்கே தெரியவில்லை.

இந்த இரண்டாவது ஓசை பள்ளத்துக்குப் பிறகு வந்ததா, டிரைவ் ஷாஃப்டை மாற்றிய பிறகு வந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. நினைவுபடுத்திப் பாருங்கள். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும் வேலையில் அந்தத் தகரம் கைபட்டு வளைவது சர்வசாதாரணம். வேலைக்குப் பிறகுதான் வந்தது என்றால் அதைக் கூலி இல்லாமல் நிமிர்த்திக் கொடுப்பது அந்தக் கடையின் பொறுப்பு.

அதுவரை ஓட்டலாமா

இதில் உங்கள் கொழுந்தனாரோடு நான் உடன்படவில்லை. பேரிங் கெட்டுப்போவதும் பிரேக் பிடிப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்று அவர் நினைக்கிறார். பேரிங்கில் ஆட்டம் வந்துவிட்டால் சக்கரத்தோடு சேர்ந்து டிஸ்கும் ஆடும். ஆடும் டிஸ்க் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வளைவைத் தாண்டியவுடன் பிரேக்கை மிதித்தால் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவது அதனால்தான். கிழவன் கிழவி போகும் வேகத்தில் அது தெரியாது; என்3இல் சரக்கு லாரிகளுக்கு நடுவில் இறக்கத்தில் போகும்போது தெரிந்தால் காலம் கடந்துவிடும். முற்றிப்போன பேரிங் சூடேறி இறுகலாம். மிக மோசமான நிலையில் சக்கரமே கழன்றுவிடவும் கூடும். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை, உறுமத் தொடங்கிய பேரிங் அன்றே உடைந்துவிடுவதில்லை, பெரும்பாலும் வாரக்கணக்கில் எச்சரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் உங்களுடையது எச்சரிக்கத் தொடங்கி ஏழு வாரத்துக்கு மேலாகிவிட்டது.

ஆகவே பீட்டர்மாரிட்ஸ்பர்க் பயணத்தை, சக்கரத்தைப் பார்த்து முடிக்கும் வரை நிறுத்துங்கள். போகவர ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் இந்தக் காரை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுவது உங்களுக்கும் நல்லதன்று, பின்னால் வருபவர்களுக்கும் நல்லதன்று. பேரனைப் பள்ளியில் விடும் சிறு தூரத்தை, இந்த வாரத்துக்குள் சோதனைக்கு நாள் குறித்துக்கொண்டு, மெதுவாக ஓட்டலாம் என்பது என் கருத்து. நேரான சாலையிலும் உறுமல் கேட்கத் தொடங்கினாலோ, ஸ்டீயரிங்கில் அதிர்வு வந்தாலோ, பிரேக் பெடல் ஆழமாக இறங்கினாலோ, ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிந்தாலோ அந்தச் சலுகையும் இல்லை. காரை இழுத்துக்கொண்டு போகத்தான் வேண்டும். பல பேரிங்குகளின் ஓரத்திலேயே ஏ.பி.எஸ். சென்சார் படிக்கும் காந்த வளையம் இருப்பதால், ஆட்டம் கூடும்போது அந்த விளக்கு எரிவது உண்டு. கார் சாலையில் ஓடத் தகுதியான நிலையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல காப்புறுதிப் பத்திரங்களில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பழுது தெரிந்தே ஓட்டினார் என்று ஒரு விபத்துக்குப் பிறகு கேள்வி எழுந்தால் பதில் சொல்வது கடினம்.

தம்பி மகன் ஜாக்கி வைப்பதைப் பற்றி: அவன் அக்கறையைப் பாராட்டுகிறேன், ஆனால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும் செய்யப்பட்டது. சாட்ஸ்வர்த் வீட்டு முற்றங்களில் சரிவில்லாதவை எத்தனை? டயரைத் தடவிப் பார்ப்பது, டார்ச் அடித்துப் பார்ப்பது, அமைதியான சாலையில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது ஆகியவற்றை அவன் செய்யட்டும்.

வேறொரு கடையில் என்ன கேட்க வேண்டும்

‘பேரிங்கை மாற்றிக் கொடுங்கள்’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். நான் சொன்னது தவறாக இருந்தால் உங்கள் பணம் மூன்றாவது முறையும் போகும். ‘வலப்பக்க வளைவில், 60க்கு மேல், உறுமுகிறது, இடப்பக்கம் அடங்குகிறது, நான்கு சக்கரங்களையும் பார்த்து, கண்டதை எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த வளைவில் ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள்.

கவனமாகச் செய்பவர் காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மற்றொரு கையின் விரல்களை ஷாக் அப்சார்பரின் சுருள்வில்லின் மேல் இலேசாக வைப்பார். காதுக்கு எட்டாத நறநறப்பும் அந்தக் கம்பியின் வழியே விரலுக்கு வந்துவிடும். இடத்தையும் வலத்தையும் மாற்றி மாற்றித் தொட்டால் நோயாளி யார் என்று குழந்தைக்கும் தெரியும். லிஃப்டில் சக்கரத்தின் மேல் சுமை இல்லாததால் தொடக்க நிலைப் பேரிங் சில சமயம் ஊமையாகிவிடும். அப்போது இன்ஜினால் சக்கரத்தை ஓடவிட்டு, மருத்துவர் வைப்பதுபோன்ற குழாயை வைத்துக் கேட்பார்கள். இவற்றில் ஒன்றையும் செய்யாமல், கடிதத்தில் நீங்கள் எழுதியதைக் கேட்ட மாத்திரத்தில் பாகத்தின் பெயரைச் சொல்பவரிடம் காரை விடாதீர்கள். அவர் சொல்வது நான் சொன்னதாகவே இருந்தாலும்.

பேரிங்தான் என்று தெரிந்தால், கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். ஜோடியாக மாற்றுவது ஷாக் அப்சார்பருக்கும் பிரேக் பேடுக்கும் உரிய வழக்கம். சில கார்களில் பேரிங், சக்கரத்தைப் பொருத்தும் நடுத்துண்டான ஹப்போடு சேர்ந்தே வரும், போல்ட்டுகளைக் கழற்றி மாட்டலாம். சிலவற்றில் பிரஸ் வைத்து அழுத்திப் பொருத்த வேண்டும். அழுத்தும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். சுத்தியலால் உள்வளையத்தில் அடித்து ஏற்றினால் புதிய பேரிங்கிலும் பள்ளத்தில் விழுந்த அதே குழிகள் பதிந்துவிடும். நடு நட்டைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினார்களா என்று கேளுங்கள். ஏழு வாரத்துக்கு முன் வலப்பக்கத்திலும் அந்த நட்டைக் கழற்றித்தான் ஷாஃப்டை மாற்றியிருப்பார்கள். அதையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கொடுத்த பணமும் சட்டமும்

நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் கடை நடத்தியவன் என்ற முறையில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தவன். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் சட்டம் அது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்று நீங்கள் எழுதியிருப்பது சரியன்று. தெருமுனைக் கடையையும் அது கட்டுப்படுத்தும்.

வேலைச் சீட்டில் நீங்கள் போட்ட கையெழுத்து, அந்த வேலையைச் செய்ய அனுமதித்தீர்கள் என்பதற்கு மட்டுமே சான்று. வேலை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை அதனால் நீங்கள் இழக்கவில்லை. 15ஆம் பிரிவின்படி மதிப்பீடு கொடுத்து உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். மதிப்பீட்டைத் தாண்டினால் மறுபடியும் கேட்க வேண்டும். சோதனைக்கு மட்டும் கட்டணம் உண்டென்றால் அதையும் முன்னதாகவே சொல்ல வேண்டும். இரண்டாவது கடைக்குப் போகும்போது இந்தக் கடைசி விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘30 நாள் உத்தரவாதம்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பழுதுபார்க்கும்போது போட்ட புதிய பாகத்துக்கும் அதன் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு என்கிறது 57ஆம் பிரிவு. ரசீதில் அச்சடித்து அதைக் குறைக்க முடியாது. உங்களுக்கு ஏழு வாரம்தான் ஆகியிருக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருப்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த உத்தரவாதம், போட்ட பாகம் கெட்டுப்போனால் காப்பாற்றுவது. உங்கள் புதிய ஷாஃப்ட் நன்றாகவே இருக்கலாம். உங்கள் குறை, தேவையில்லாத பாகத்தைப் போட்டார்கள் என்பது. அதற்குப் பொருந்துவது 54ஆம் பிரிவு. சேவை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், அல்லது குறைக்கு ஏற்ற அளவில் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம். முழுத் தொகையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கழற்றிய பாகங்களைத் தனியே வைத்து உங்களிடம் திருப்பித் தர வேண்டும், வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் ஒழிய, என்பது 67ஆம் பிரிவு. பழைய ஷாஃப்டைக் கேளுங்கள். உறை கிழிந்திருந்தால் அந்த 4,600 ராண்டைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவதே நியாயம். உறை முழுதாக, ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும். தூக்கி எறிந்துவிட்டோம் என்றால், திருப்பித் தராத அந்தக் குறையையும் எழுதி வையுங்கள்.

எந்த வரிசையில் செய்வது என்றால், முதலில் இரண்டாவது கடையின் எழுத்து அறிக்கையை வாங்குங்கள். ஒருவர் சொல், மற்றவர் சொல் என்று நிற்கும் வழக்கில் அந்த ஒரு தாள்தான் எடை. அதோடு பழைய கடைக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஆண்டுக்கணக்கில் போகும் கடை என்கிறீர்கள். என் அனுபவத்தில் தவறாகக் கணித்த மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள், வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் அவ்வளவு பேர் இல்லை. பேரிங்கைக் கூலி இல்லாமல் மாற்றித் தருகிறோம் என்று அவர் சொன்னால், அதை ஏற்றுக்கொள்வது ஓராண்டு அலைச்சலைவிட மேல் என்பேன். ஒத்துவராவிட்டால் குறையை எழுத்தில் கொடுத்துப் பதிலுக்கு நாள் குறியுங்கள். அதன் பிறகு தென்னாப்பிரிக்க மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கடை, மோட்டார் சில்லறை வணிகர்களின் சங்கமான ஆர்.எம்.ஐ. அமைப்பின் உறுப்பினர் என்றால் அங்கும் முறையிடலாம். பணமாகத்தான் வேண்டும் என்றால் சிறு உரிமைக் கோரல் நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ராண்ட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், இரு தரப்பிலும் வழக்கறிஞர் வர முடியாது. போவதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்க வேண்டும்.

சோதனைக்குப் போகும் நாளில் ரசீது இரண்டையும், ரேக்குக்குக் கொடுத்த மதிப்பீட்டையும் ஓர் உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆனால் மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து முடிக்கும் வரை அந்த உறையை அவர் கண்ணில் காட்ட வேண்டாம். முன்னவர் சொன்னதைப் படித்துவிட்டால் இவர் கையும் ரேக்கைத் தேடித்தான் போகும்.